கார் ஓடுது... சாமான் எங்கே? ரப்பர் வாசருக்கு ஊர் ஊராக அலையும் அம்பாசிடர் சொந்தக்காரர்கள்!

ராசிபுரம்:

எஞ்சின் நன்றாக இருக்கிறது. பாடியில் துரு இல்லை. ஆனால் கையளவு கூட இல்லாத ஒரு ரப்பர் வாசர் கிடைக்காமல் வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கிறது.

பழைய அம்பாசிடர் கார் வைத்திருப்போர் படும் பாடு இதுதான்.

மேற்கு வங்காளம் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியது. 2 ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலையின்றி நின்றார்கள். 2017-ல் "அம்பாசிடர்" என்ற பெயரே 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நாட்டு பியூஜோ கம்பெனிக்கு விற்கப்பட்டது.

பெயர் கைமாறியது. சாமானுக்கு யார் பொறுப்பு?

இத்தனை நாள் ஓடியது எப்படி?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாக வைத்து 1950-களின் இறுதியில் வந்தது அம்பாசிடர். அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் உருவம் பெரிதாக மாறவே இல்லை. "பழைய காலத்து வண்டி" என்று அப்போது கேலி பேசினார்கள்.

அந்தக் குறையே இப்போது கை கொடுக்கிறது. ஒரு வண்டியில் கழற்றிய பல பாகங்களை வேறு வருஷத்து வண்டியிலும் மாட்டலாம். அரசாங்க ஆபீஸ், டாக்சி ஸ்டாண்டு என்று ஆயிரக்கணக்கில் ஓடிய கார் என்பதால், உடைத்து விற்ற வண்டிகளின் சாமானும் ஏராளமாகப் புழங்கியது.

ராசிபுரத்துக்காரர் முதலில் சேலத்தில் தேடுவார். அங்கே இல்லையென்றால் கோவை. அங்கேயும் கை விரித்தால் கடைசிப் புகலிடம் சென்னை புதுப்பேட்டை. 300 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்தப் பழைய சாமான் சந்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும். சாமான் விலையை விட பஸ் செலவும், வேலை கெட்ட நாளும் அதிகம்!

வண்டிகள் குறையக் குறைய சாமான் வாங்க ஆள் குறைகிறது. ஆள் இல்லாத சரக்கைக் கடைக்காரர் ஸ்டாக் வைப்பதில்லை. சரக்கு இல்லாததால் மேலும் பல வண்டிகள் எடைக்குப் போகின்றன. இது ஒரு சுழல்.

லேத் பட்டறை செய்யும் வைத்தியம்

லாரித் தொழிலுக்குப் பேர் போன நாமக்கல் மாவட்டத்தில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சம் இல்லை. தேய்ந்த புஷ் கொண்டு போனால் அதே அளவில் கடைந்து வாங்கலாம். சிலிண்டரை போர் செய்து புது பிஸ்டன் போடலாம். உள்ளே தேய்ந்துபோன பிரேக் சிலிண்டருக்கு சிலீவ் இறக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் பட்டறையில் செய்துவிட முடியாது. ஆபத்து இருப்பது இங்கேதான்.

ரப்பரை லேத்தில் கடைய முடியாது. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் வாசர், பிரேக் ஆயிலைத் தாங்கும் தனி ரக ரப்பர். "சைஸ் சரியாக இருக்குது" என்று வேறு ரப்பரைப் போட்டால் ஆயிலில் ஊறி உப்பிவிடும். பிரேக் பிடித்தால் விடாது, அல்லது பிடிக்கவே பிடிக்காது. பல வருஷம் கடை அலமாரியில் கிடந்த வாசரும் அப்படித்தான். பாக்கெட் பிரிக்காவிட்டாலும் உள்ளே ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

ராசிபுரத்துக்காரர்கள் அடிக்கடி போகும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும்போது வாசர் காலை வாரினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

எஞ்சினில் ஒட்டுப்போட்டால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் ஒட்டுப்போட்டால் வண்டி நிற்காது!

சட்டம் என்ன சொல்கிறது?

சாமான் கிடைக்காமல் சிலர் எஞ்சினையே மாற்றிவிடுகிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாமல் இப்படி ஓட்டுவது குற்றம். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் பதிவைப் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து ரூ.5 ஆயிரம் ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரம் ஆக்கப்பட்டது. 2014-ல் வெளிவந்த கடைசி அம்பாசிடருக்கே 2029-ல் 15 ஆண்டு முடிகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

நாளைக்கு யார்?

"பழைய கார் வைத்திருக்கும் நாலு பேர் பிரச்சினைதானே" என்று விட்டுவிட முடியாது. சென்னை அருகே வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்த கம்பெனி 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு கம்பெனி, இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. செவர்லே கார் விற்பனை 2017-ல் நின்றது. இந்த இரண்டு கம்பெனிகளும் சாமான், சர்வீஸ் தொடரும் என்று சொல்லியிருக்கின்றன. அது எத்தனை காலம் என்பதுதான் கேள்வி.

அம்பாசிடரை சுத்தியலும் ஸ்பேனரும் காப்பாற்றின. இன்றைய காரை ஓட்டுவது கம்ப்யூட்டர் பெட்டி. அது கெட்டால் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தர முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கார் வாங்கும் சம்பளக்காரர்தான் கடைசியில் மாட்டுவார்.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. விவரம் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் கம்பெனியே மூடிவிட்டால் யாரிடம் போய் உரிமை கேட்பது?

தொழிற்சாலைக்குப் பூட்டுப் போடும் நாளிலேயே, குறைந்தது பிரேக், ஸ்டியரிங் சாமான்களாவது இத்தனை வருஷம் கிடைக்கும் என்று எழுதி வாங்க வேண்டும். அதன் வரைபடங்களை வேறு சிறு தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கச் செய்ய வேண்டும்.

அதுவரை கார் வைத்திருப்போர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நல்ல வாசர் கிடைக்கும் வரை வண்டி ஷெட்டில் நிற்கட்டும். வண்டி காத்திருக்கும், உயிர் காத்திருக்காது.