எந்த ஓக், எந்த மண்ணுக்கு?

நியூயார்க்கில் 2011இல் திறக்கப்பட்ட செப்டம்பர் 11 நினைவிடத்தில் 400க்கும் மேற்பட்ட சதுப்பு வெள்ளை ஓக் மரங்கள் நிற்கின்றன. மாநகரின் நடுவே சதுப்பு நில மரமா என்று கேட்கத் தோன்றும். தண்ணீர் தேங்கிய மண்ணிலும், வண்டி ஏறி இறுகிய மண்ணிலும் வேருக்குக் கிடைக்காமல் போவது காற்றுதான். முதலாவதற்குப் பழகிய மரம் இரண்டாவதையும் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது.

உள்நாட்டு ஓக் நடுங்கள் என்று நாம் சொல்லத் தொடங்கியிருப்பது நல்லது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஓக் இனங்களைப்போல் இத்தனை வகைக் கம்பளிப்புழுக்களை வளர்க்கும் மரம் வேறில்லை. பறவைக் குஞ்சுகள் உண்டு வளர்வதும் அந்தப் புழுக்களைத்தான். ஆனால் பின் ஓக்கும் உள்நாட்டு மரம்தான்! சல்லிவேர் மிகுதி, பெயர்த்து நட்டால் உடனே பிடித்துக்கொள்ளும், வேகமாக வளரும். நர்சரிக்கு அதைவிட வசதியான ஓக் கிடையாது. அதனால் மத்திய மேற்குப் புறநகர்களில் அதை அள்ளி நட்டார்கள். அதுவோ அமில மண் கொண்ட ஈரத் தாழ்நிலத்து மரம். கட்டட வேலையில் காரமான அடிமண் மேலே வந்துவிட்ட மனைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அடிமரத்தில் ஊசி போட்டு, இரும்புச்சத்து வைத்து, ஆண்டுதோறும் செலவழிக்கும் வீட்டுக்காரரைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. நடுவதற்கு முன் ஒரு மண் பரிசோதனை செய்திருந்தால் போதும்.

அத்தகைய மனைக்கு என் தேர்வு பர் ஓக். சுண்ணாம்பு மண்ணும் வறட்சியும் அதற்குப் பொருட்டில்லை. புல்வெளித் தீயைத் தடித்த பட்டையால் தாங்கி வந்த இனம். இடம் மட்டும் தாராளமாக வேண்டும். ஆணிவேர் ஆழமாகப் போவதால் பெரிய மரமாகப் பெயர்த்தால் திணறும். வாடிக்கையாளர் உடனே நிழல் கேட்பார். இருந்தாலும் சிறு கன்றையே கொடுங்கள். வேரில் பெரும்பகுதியை இழந்த பெரிய மரம் தேறி எழுவதற்குள் கன்று அதை எட்டிப் பிடித்துவிடும். அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும்.

கவாத்துக் காலத்தையும் வாடிக்கையாளருக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை வெட்டிய கிளையின் ஈரத்தை நாடி வரும் சாறுண்ணி வண்டுகள் ஓக் வாடல் நோயின் பூஞ்சணத்தைச் சுமந்து வரும். சிவப்பு ஓக் வகைகள் சில வாரங்களிலேயே மடியும். பக்கத்து மரத்துக்கும் வேர்வழியே நோய் போகும். குளிர்காலத்தில் வெட்டச் சொல்லுங்கள்.