கதவருகே விழித்திருப்பவர்



பிறர் நலமாய் வாழத் தாம் வியர்வை சிந்தும் உழைப்பாளரைப் பற்றி இப்பகுதியில் அவ்வப்போது சிந்தித்து வருகிறோம். இத்திங்கள் நம் எண்ணத்திற்கு உரியவர், நம்மில் பலர் நாள்தோறும் கண்டும் காணாமற் செல்லும் ஒருவர். ஊரின் எல்லையில், சாலையும் இருப்புப்பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், ஒரு சிற்றறையில் தனித்து அமர்ந்திருக்கும் இரயில்வே கேட் கீப்பரே அவர்.

கேட் திறந்திருக்கும் வேளையில் அவரை எவரும் நினைப்பதில்லை. மூடியிருக்கும் வேளையிலோ எல்லோரும் நினைக்கிறோம்; ஆனால் நன்றியோடு அன்று! "வண்டியின் புகையைக்கூடக் காணோம், அதற்குள் ஏன் மூடிவிட்டான்?" என்று முணுமுணுக்காதார் எத்துணை பேர்? திருப்பலிக்கு நேரமாயிற்று, பள்ளிக்கு நேரமாயிற்று, சந்தைக்கு நேரமாயிற்று என்று ஆயிரம் காரணங்கள் நமக்கு உண்டு. ஒலிப்பானை விடாது அழுத்துகிறோம். சிலர் தடைக்கம்பத்தின் அடியில் இருசக்கர வண்டியைச் சாய்த்து நுழைத்துக் கொண்டு போகிறார்கள். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை அதனைப் பார்த்துப் பாடம் கற்றுக் கொள்கிறது.

அவர் ஏன் அத்துணை முன்னதாகவே மூடுகிறார் என்பதை அறிந்து கொண்டால் நம் முணுமுணுப்பு அடங்கும்.

கேட்டுகளில் இருவகை உண்டு. ஒருவகையில் கேட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். இதனை 'இன்டர்லாக்கிங்' என்பர். கேட்டை மூடிப் பூட்டினாலன்றி இரயிலுக்கு வழிவிடும் சிக்னல் விழாது. சிக்னல் கொடுத்துவிட்ட பின், வண்டி கடந்து போகும் வரை கேட்டைத் திறக்க இயலாது. ஆகவே கேட் மூடவில்லையெனில் வண்டி சிக்னலருகே நின்றுவிடும். அந்த ஒரு வண்டி நின்றால் அதன் பின் வரும் வண்டிகளும் தாமதப்படும். இரு நிமிடம் முன்னதாகத் திறக்கும்படி நாம் அவரை நெருக்கும்போது, எத்தனை நூறு பயணிகளின் காலத்தையும் உயிரையும் பணயம் வைக்கிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

மற்றொரு வகையில் இத்தகைய பிணைப்பு இல்லை. அங்கே நிலையத்திற்கும் கேட்டிற்கும் இடையே இருப்பது ஒரு தொலைபேசியும் ஒரு மனிதனின் வாக்கும் மட்டுமே. வண்டி புறப்படுமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பரை அழைத்துச் செய்தி சொல்கிறார். கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தம்மிடமுள்ள தாளில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களுள் ஒன்றைச் சொல்கிறார். இதற்குப் 'பிரைவேட் நம்பர்' என்று பெயர். ஒருமுறை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும். அவ்வெண்ணை ஸ்டேஷன் மாஸ்டர் தம் ஏட்டில் பதிவு செய்கிறார். கேட்பதற்கு அது வெறும் எண். உண்மையில் அது ஒரு சத்தியம். "கேட்டை மூடிவிட்டேன்; இவ்வழியே செல்லும் உயிர்களுக்கு நான் பொறுப்பு" என்பதே அதன் பொருள். மூடாத கேட்டை மூடியதாகச் சொல்லும் ஒரு சிறு பொய், அங்கே சிறு பொய்யாய் நின்றுவிடாது. பொய் சொல்லாதிருப்பது ஒழுக்கம் மட்டுமன்று, உயிர் காப்பதும் ஆகும் என்பதை இத்தொழில் நமக்குக் கற்பிக்கிறது.

இனி, எதிர்பாராத இடர் நேரும் வேளையை எண்ணிப் பாருங்கள். கரும்பு ஏற்றிய வண்டி ஒன்று தண்டவாளத்தின் நடுவே அச்சு முறிந்து நின்றுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். கேட் கீப்பர் முதலில் வண்டி வரும் திசைக்குத் தெரியுமாறு பகலில் சிவப்புக் கொடியையும் இரவில் சிவப்பு விளக்கையும் வைக்க வேண்டும். நிலையத்திற்குச் செய்தி சொல்ல முயல வேண்டும். பின்னர் இருப்புப்பாதை வழியே ஓடி, அகலப் பாதையாயின் 600 மீட்டர் தொலைவில் ஒன்றும், 1200 மீட்டர் தொலைவில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றுமாக 'டெட்டனேட்டர்' எனப்படும் வெடிகளைத் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். எஞ்சினின் சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 1200 மீட்டரை 43 விநாடிகளில் கடந்துவிடும். அதே தொலைவை ஜல்லிக் கற்களின் மேல் விரைந்து நடக்கும் மனிதருக்குப் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகும். இருபத்து நான்கு பெட்டிகள் கொண்ட விரைவு வண்டியின் எடை ஆயிரம் டன்னுக்கும் அதிகம். ஓட்டுநர் நம்மைக் கண்டுவிட்டார் என்பதால் அது நின்றுவிடாது. தடையை அழுத்திய பின்னும் நெடுந்தொலைவு ஓடித்தான் நிற்கும். "வண்டி தூரத்தில்தானே வருகிறது" என்று சொல்லிக் குறுக்கே புகுகிறவர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று.

இத்துணைப் பொறுப்பைச் சுமப்பவரின் வாழ்க்கை எத்தகையது? போக்குவரத்து மிகுந்த கேட்டுகளில் 8 மணி நேரப் பணி முறையும், குறைந்த கேட்டுகளில் 12 மணி நேரப் பணி முறையும் வழக்கில் உள்ளன. பன்னிரண்டு மணி நேரம் பேச்சுத் துணையின்றி ஓர் அறையில் இருப்பது எளிதன்று. வேலை கடினமாய் இருப்பதைவிட, வேலை இல்லாதது போல் தோன்றும் இடைவேளையே கடினம். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்; உடல் அயரும், கண் செருகும்; ஆனால் மணி அடித்ததும் எழுந்தாக வேண்டும். ஊரெல்லாம் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் கூடியிருக்கும் நள்ளிரவிலும், பாஸ்கா விழிப்பின்போதும், யாரோ ஒருவர் அந்தச் சிற்றறையில் விளக்கேற்றி உண்மையாகவே விழித்திருக்கிறார். அவருடைய இல்லாள் பிள்ளைகளை மட்டும் அழைத்துக் கொண்டு கோயிலுக்கு வந்திருப்பார்.

இப்பணியில் இன்று பெண்களும் இருக்கிறார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான கேட்டில் இரவில் தனித்துப் பணிபுரியும் பெண்ணின் அச்சத்தை நாம் உணர வேண்டும். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழகத்தின் தென் மாவட்டம் ஒன்றில் பணியிலிருந்த பெண் கேட் கீப்பர் ஒருவர் இரவில் கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டார். நம் பாதையைக் காப்பவரைக் காப்பது யார் என்ற கேள்வியை அந்நிகழ்ச்சி எழுப்பிற்று.

ஆளில்லா லெவல் கிராசிங்குகளால் நம் நாடு சிந்திய கண்ணீர் கொஞ்சமன்று. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லாக் கேட்டைக் கடந்த பள்ளி வண்டியின் மீது இரயில் மோதிப் பதின்மூன்று குழந்தைகள் மாண்டனர். 2019ஆம் ஆண்டு சனவரி இறுதிக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அனைத்தும் அகற்றப்பட்டன. சிலவற்றில் ஆள் அமர்த்தப்பட்டார். சிலவற்றில் சுரங்கப்பாதையும் மேம்பாலமும் எழுந்தன. இது போற்றத்தக்க செயல்.

ஆயினும் ஆள் இருப்பது மட்டும் போதுமா? 2025ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் காலை, நம் கடலூர் மாவட்டத்துச் செம்மங்குப்பத்தில் நிகழ்ந்ததை எவர் மறக்க முடியும்? அங்கே ஆள் இருந்தார். ஆனால் சிக்னலோடு பிணைப்பு இல்லை. வண்டி வந்தபோது கேட் மூடப்பட்டிருக்கவில்லை. பள்ளி வண்டியின் மீது இரயில் மோதி மூன்று மாணவச் செல்வங்கள் உயிர் நீத்தனர். கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். அதன் பின்னரே, எல்லாக் கேட்டுகளிலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும், பிணைப்பு முறையை மேலும் பல கேட்டுகளுக்கு விரிவாக்க வேண்டும் என்ற ஆணைகள் பிறந்தன.

இங்கே நாம் இரு உண்மைகளையும் ஒருசேரப் பற்றிக்கொள்ள வேண்டும். கடமையில் தவறியவர் அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். பிள்ளைகளை இழந்த பெற்றோரின் முன் எவ்விதச் சமாதானமும் எடுபடாது. அதே வேளையில், களைத்துப் போகக்கூடிய ஒரு தனி மனிதரின் நினைவாற்றலின் மேல் மட்டும் ஆயிரம் உயிர்களைத் தொங்கவிட்டிருந்தால், அந்த ஏற்பாட்டைச் சரி செய்யும் கடன் அவருக்கு மேலே இருப்பவர்க்கும் உண்டு. ஒருவரைச் சிறையில் அடைத்துவிட்டு மற்றவர் கை கழுவிக் கொள்வது நீதியாகாது. கை கழுவியவனைப் பற்றி நற்செய்தியில் வாசித்த நாம் இதனை அறியாதவர்களல்லர்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வரைந்தார். உழைப்பின் மதிப்பு, செய்யப்படும் வேலை எத்தகையது என்பதனால் அன்று, அதனைச் செய்பவர் மனிதர் என்பதனாலேயே அமைகிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. கதவை மூடுவதும் திறப்பதும் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்க்கு இதுவே விடை.

கதவு காத்தே புனிதரானவர்கள் திருச்சபையில் உண்டு. மனைவி மக்களை இழந்து இயேசு சபையில் சகோதரராய்ச் சேர்ந்த புனித அல்போன்ஸ் ரோட்ரிகஸ், மயோர்க்கா தீவிலிருந்த கல்லூரியில் பல ஆண்டுகள் வாயிற்காவலராய் இருந்தார். மணி ஒலிக்கும்போதெல்லாம் வாயிலில் ஆண்டவரே நிற்கிறார் என்று எண்ணிச் சென்று திறப்பாராம். அவருடைய அறிவுரையால் தூண்டப்பட்ட இளைஞர்தான், பின்னர் அடிமைகளின் அப்போஸ்தலராய் விளங்கிய புனித பீட்டர் கிளேவர். பவேரியா நாட்டுக் கப்புச்சின் சகோதரர் புனித கொன்ராடு, ஆல்ட்டோட்டிங் மடத்தில் 41 ஆண்டுகள் கதவருகே நின்று 1894இல் இறைவனடி சேர்ந்தார். கனடாவின் மொன்றியால் நகரில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கல்லூரி வாயில் காத்த சகோதரர் ஆந்திரே, 2010இல் புனிதராய் உயர்த்தப்பட்டார். இவர்கள் பேரறிஞர்களோ பெரும் சொற்பொழிவாளர்களோ அல்லர். அழைத்தபோது எழுந்தார்கள், அவ்வளவே.

நம் ஆண்டவரும் விழிப்பைப் பற்றிப் பேசுகையில் வாயிற்காவலனையே எடுத்துக்காட்டினார். வீட்டுத் தலைவன் நெடும்பயணம் செல்கிறான். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை தருகிறான். வாயிற்காவலனுக்கு அவன் தரும் வேலை விழித்திருப்பதே. மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். தலைவன் மாலையில் வருவானோ, நள்ளிரவில் வருவானோ, கோழி கூவும் வேளையில் வருவானோ தெரியாது. கேட் கீப்பருக்கோ வண்டி வரும் நேரமாவது தெரியும். நமக்கு அதுவும் தெரியாதே!

பெற்றோரே, நீங்களும் ஒருவகையில் கேட் கீப்பர்களே. பிள்ளை கேட்டவுடன் எல்லாக் கதவையும் திறந்துவிடுவது அன்பு போலத் தோன்றும். வண்டி வருவதை அறிந்தவர் கதவை மூடி வைப்பதே உண்மையான அன்பு. வெளியே நிற்பவர் சினந்து கத்தலாம், ஏசலாம், அவருக்கு வண்டி தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்று: கேட் கீப்பர் கதவை மூடியே வைத்திருப்பதில்லை. இடர் நீங்கியதும் தாமே வந்து திறந்துவிடுகிறார். காரணமின்றி மூடிய கதவும், காலமறிந்து திறவாத கதவும் காவலாகா.

ஆகவே இத்திங்கள் நம் குடும்பங்களில் மூன்று காரியங்கள் செய்வோம். மூடிய கேட்டின் அடியில் நுழைவதில்லை என்று பிள்ளைகள் முன்னிலையில் தீர்மானிப்போம். மூடிய கேட்டைத் திறப்பது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எனினும் தண்டனைக்கு அஞ்சியன்று, உயிர் கொடுத்தவர்க்கு அஞ்சி இதனைச் செய்வோம். இரண்டாவதாக, காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒலிப்பானை விட்டுவிட்டு, ஒரு அருள் நிறைந்த மந்திரத்தைக் கேட்டுக்கு அப்பாலிருக்கும் அம்மனிதருக்காகச் சொல்வோம். மூன்றாவதாக, நம் பங்கில் இரயில்வேப் பணியாளர் குடும்பம் இருப்பின், முறைப்பணியால் அவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாத வாரத்தில் குறை பேசாது, அவர்கள் இல்லம் சென்று நலம் விசாரிப்போம்.

உழைப்பாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பர், இரவும் பகலும் கதவருகே விழித்திருக்கும் இந்நன்மக்களையும் அவர்தம் குடும்பங்களையும் காப்பாராக.