வரி கட்டியாச்சு, புஸ்தகம் எடுத்தாச்சா?

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நடக்கும் வசூல் இது. வீட்டுக்காரர் கட்டுகிறார், கடைக்காரர் கட்டுகிறார். அந்தக் காசில் வாங்கும் நூல்களில், புதிதாக எழுத வந்தவர்களின் முதல் புத்தகங்களும் உண்டு. அவற்றை எடுத்துப் படிப்பவர் எத்தனை பேர்?

"யாரோ எவரோ, 300 ரூபாய் போட்டு எப்படி வாங்குறது?" கடையில் இந்தத் தயக்கம் நியாயம். நூலகத்தில் ஏன்? பத்துப் பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடலாம். நஷ்டம் ஒன்றுமில்லை.

1979-ல் 'பிறகு' வந்தபோது பூமணிக்கு அது முதல் நாவல். 1994-ல் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது இமையமும் புதுப் பெயர்தான். பின்னாளில், 2014-ல் பூமணிக்கும் 2020-ல் இமையத்துக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. விருது வந்த பிறகு தேடிப் படிப்பது பெரிய காரியமல்ல. பெயர் தெரியாதபோதே படித்துப் பார்ப்பவர்தான் எழுத்தாளரை வளர்க்கிறார்.

நூலகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. புதியவரின் புத்தகம் பெரிய பெயர்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டால் யார் கண்ணில் படும்? பேப்பர் படிக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டு. அதன் மேல் 'முதல் நூல்' என்று ஓர் அட்டை. செலவு பத்துப் பைசா ஆகாது. கிளை நூலகந்தோறும் இதைச் செய்ய அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.

வாசகர்களும் சும்மா இருக்கக்கூடாது. பேப்பரைப் புரட்டிவிட்டுக் கிளம்பும் முன், "புதுசா எழுதுறவங்க புஸ்தகம் ஏதாவது வந்திருக்கா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்டால்தானே தட்டுக்கு வரும்!