ஒரு வெள்ளிக் கணக்கு

"மிருக டாக்டர்னாலே கொள்ளைதான். ரெண்டு ஊசியைப் போட்டுட்டு எழுநூறு வெள்ளின்னு தீட்டிடுவாங்க." புக்கிட் ரோத்தான் சாப்பாட்டுக் கடையிலும் பெஸ்தாரி ஜெயா சந்தையிலும் கோயில் திருவிழாப் பந்தியிலும் நாய் பூனைப் பேச்சு எழுந்தால் இந்த வாக்கியமும் கூடவே எழுகிறது. சொல்பவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்லர். தாங்கள் உண்ணுமுன் நாய்க்குச் சோறு வைக்கிறவர்கள்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதால்தான் நான் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு. வாயில்லா ஜீவன்கள் இதனால் செத்துக்கொண்டிருக்கின்றன. போன ஆண்டு என் வீட்டு நாயும் செத்திருக்கும்.

எங்கள் தாமானின் பின்வேலியைத் தாண்டினால் செம்பனை. எங்கள் நாய் கருப்பன் அதற்குள் புகுந்து திரிந்து வருவான். ஒரு திங்கட்கிழமை சோற்றுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டான். "சூடு பிடிச்சிருக்கும் தம்பி, இளநி குடு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மறுநாள் பின்னங்கால் தடுமாறியது. மருந்துக்கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். கிளினிக்குக் கொண்டு போவோமா என்று மனைவி கேட்டபோது என் வாயிலிருந்தும் அதே வாக்கியம்தான் வந்தது. போனால் ஐந்நூறுக்குக் குறையாது, ஒருநாள் பார்ப்போம் என்றேன். புதன்கிழமை காலையில் அவன் மூக்கிலிருந்து நூல் போல இரத்தம் இறங்கி, சிமெண்டுத் தரையில் காய்ந்திருந்தது.

டாக்டர் ஓர் இளம்பெண். மேசையில் கிடந்தவனின் மேலுதட்டைத் தூக்கி எனக்குக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்புச் சுவர் போல வெளுத்திருந்தது. வயிற்றில் முடி குறைந்த இடத்தில் நகக்கண் அளவு நீலத் திட்டுகள். "வீட்டுப் பக்கத்தில் செம்பனை இருக்கிறதா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் எங்கேதான் இல்லை? மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டதே இங்கேதான். 1917ஆம் ஆண்டு, அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே நட்டது. செம்பனை வந்தால் பழம் தின்ன எலி வரும். எலி வந்தால் மரத்தடியில் எலி மருந்து வரும். வண்ண மெழுகு வில்லையாக, தானிய வாசனையோடு கிடக்கும் அதை எலியும் தின்னும், நாயும் தின்னும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது. இரத்தத்தை உறைய வைக்கும் சரக்குகளை ஈரல் உண்டாக்குவதற்கு வைட்டமின் கே வேண்டும். அந்த வேலையைத்தான் மருந்து முடக்குகிறது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பு தீர்ந்த பிறகு, மூன்று நான்கு நாள் கழித்து, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியத் தொடங்கும். நான் "ஒருநாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்ட நாள்கள் அவைதான்.

டாக்டர் உடனே ஊசியை எடுக்கவில்லை. முதலில் ஒரு தாளில் இரண்டு வழிகளை எழுதினார். வேறொரு நாயிடமிருந்து இரத்தம் எடுத்து ஏற்றுவது ஒன்று. அதற்கு என்ன செலவு. வைட்டமின் கே1 ஊசியும் டிரிப்பும் போட்டு, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து பார்ப்பது மற்றொன்று. அதற்கு என்ன செலவு. இரண்டாவதில் ஆபத்து அதிகம் என்பதையும், ஈறு இன்னும் வெளுத்தால் முதல் வழிக்கு மாற வேண்டிவரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். பிழைத்தான். மொத்தம் 730 வெள்ளி. பார்த்ததற்கு 50, இரத்த அணுவும் இரத்தம் உறையும் நேரமும் பார்த்த பரிசோதனைகளுக்கு 210, இரண்டு இரவு தங்கலுக்கும் டிரிப்புக்கும் 240, ஊசிக்கும் நான்கு வார மாத்திரைக்கும் 230.

பில்லைப் பார்த்த அண்ணன் ஒருவர், "பார்த்தியா, நான் சொல்லல?" என்றார். அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தொகை எதைவிட அதிகம்? எதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கொள்ளை என்கிறோம்?

நம் கையில் இருக்கும் அளவுகோல் ஒரு வெள்ளி. நமக்குக் காய்ச்சல் என்றால் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, இரத்தம் சோதித்து, மருந்துப் பையோடு திரும்புகிறோம். அரசாங்க மருத்துவமனையில் மூன்றாம் வகுப்புப் படுக்கை நாளுக்கு மூன்று வெள்ளி. மீதிச் செலவை அரசாங்கம் நம் எல்லோருடைய வரியிலிருந்தும் கட்டுகிறது. அந்தக் கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இந்தப் பழக்கம் இன்னும் பழையது. தாத்தா காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெசரும் இருந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்துத் தண்ணி, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, எல்லாம் இலவசம். அதை வெள்ளைக்காரத் துரை தர்மத்துக்குச் செய்யவில்லை. தொழிலாளர் சட்டம் செய்யச் சொன்னது. அதன் விலை தாத்தாவின் சொற்பக் கூலியிலேயே பிடிக்கப்பட்டிருந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்பா இரண்டு பசு வைத்திருந்தார். அவற்றுக்குக் கோமாரி ஊசி போடக் கால்நடை இலாகாவிலிருந்து ஆள் வருவார். அவரும் காசு கேட்டதில்லை. மூன்று தலைமுறையாக மருந்துக்கு நாம் கொடுத்த விலை நம் கைக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

மருத்துவத்தின் முழு விலையை நாம் முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கும் இடம் நாய் பூனை கிளினிக்கின் முகப்புதான். அங்கே நமக்கு ஏற்படும் அதிர்ச்சியை அந்த டாக்டரின் பேராசை என்று பெயர் மாற்றிவிடுகிறோம். தனியார் மருத்துவமனையில் தன் பிள்ளையைச் சேர்த்தவருக்குத் தெரியும், படுக்கைக்குப் போகுமுன் முன்பணமே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள் என்று. என் நாய்க்கு நடந்த அதே வைத்தியம் அங்கே ஒரு மனிதனுக்கு நடந்திருந்தால் 730 வெள்ளியில் முடிந்திருக்குமா?

ஒரு சின்ன கடைவீட்டுக்குள் அந்த டாக்டர் எக்ஸ்ரே அறை, பரிசோதனைக்கூடம், அறுவை அறை, மருந்தகம், தங்கும் கூண்டுகள் அத்தனையும் வைத்திருக்கிறார். தடுப்பூசியும் மயக்க மருந்தும் பரிசோதனைப் பெட்டிகளும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 4.80 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. 1998 நெருக்கடிக்குப் பிறகு நம் காசு அவ்வளவு கீழே இறங்கியதில்லை. அரிசி, மீன் டின் விலை ஏறியபோது அதைப் புரிந்துகொண்டோம். தடுப்பூசி விலை ஏறியபோது மட்டும் டாக்டர் மேல் பாய்ந்தோம்.

"எதுக்கு இத்தனை டெஸ்ட்? பார்த்தாலே தெரியாதா?" இதுவும் அடிக்கடி கேட்கும் கேள்வி. பார்த்தாலே தெரியும் என்று நம்பியதற்கு இந்த நாடு கொடுத்த விலை பெரிது. 1998, 1999இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டார்கள். அதற்கான தடுப்பூசி போட்டார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான், இது பன்றியிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் நிப்பா என்பது தெளிவானது. எல்லாம் அடங்குவதற்குள் போனவை போய்விட்டன: மொத்தம் 105 மனித உயிர்கள், அழிக்கப்பட்ட பன்றிகள் பத்து லட்சத்துக்கும் மேல். தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒரு பிராணிக்கு, அந்த இரத்தக் குப்பிதான் வாய்.

கொள்ளை என்று நம்பி கிளினிக்கைத் தவிர்ப்பவர் சும்மா இருப்பதில்லை. பூனைக்குக் காய்ச்சல் என்று பெனடோல் கொடுக்கிறார். மனித ஈரல் பிரித்து வெளியேற்றும் அந்த மருந்தைப் பிரிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தைப் பூனையின் முதுகிலும் விடுகிறார்; அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வெட்டி வெட்டி இழுத்துச் சாகும். குட்டிக்கு ஊசி வேண்டாம், கம்பத்து நாய்க்கு எதுவும் வராது என்கிறார். குட்டி பிறந்த ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் தடுப்பூசியை விட்டுவிட்டால், பார்வோ வந்து இரத்தமாய்க் கழிந்து கிடக்கும்போது ஊசிக்கான செலவைப்போல் பல மடங்கு வேண்டியிருக்கும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ நாயோடு நிற்பதில்லை. நாயின் சிறுநீர் வழியாகப் பிள்ளைகளுக்கும் வரும். எங்கள் தோட்டப் பக்கத்தில் எலிக்குப் பஞ்சமில்லை.

மோசமான டாக்டர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேவையில்லாத மருந்தைத் தலையில் கட்டுபவர் உண்டு. விலையைக் கடைசி வரை சொல்லாதவர் உண்டு. ஒருமுறை, வேறொரு நாய்க்கு, தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பிய ஓரிடத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். அன்று அங்கே பில் வெறும் நாற்பது வெள்ளி. குறைவாக வாங்கினார் என்பதற்காக அவரை நல்லவர் என்று பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாய் மறுவாரம் செத்தது. குறைந்த பில்லை நல்ல மனசு என்றும், கூடின பில்லைக் கொள்ளை என்றும் எடுத்துக்கொள்ளும் கண்ணுக்கு நல்ல டாக்டரும் தெரியமாட்டார், கெட்டவரும் தெரியமாட்டார்.

வேறு எதைப் பார்க்க? கையைப் பாருங்கள். நல்ல டாக்டரின் கை பிராணியின் மேல் படும்; ஈறு, காது, வயிறு, கால் இடுக்கு என்று தடவிப் போகும். அவர் நம்மிடம் கேட்கும் கேள்விகள் அதிகமாக இருக்கும். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் தாளில் எழுதித் தருவார். கையில் இவ்வளவுதான் இருக்கிறது டாக்டர் என்றால், அதற்குள் முதலில் எதைச் செய்யலாம் என்று யோசிப்பார். எனக்குத் தெரியவில்லை, செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லத் தயங்கமாட்டார். சோதனை முடிவுகளைக் கேட்டால் கையில் கொடுப்பார். பிழைக்காது என்றால் பிழைக்காது என்பார். சுவரையும் பாருங்கள். 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி அவர் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். தொழில் செய்யும் அனுமதிச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்த ஆண்டுச் சான்றிதழ் எங்கே என்று கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. இதையெல்லாம் நாய் நன்றாக இருக்கும்போதே, ஊசிக்குப் போகிற நாளில் பார்த்து வைக்க வேண்டும். மூக்கில் இரத்தம் வழியும் காலையில் நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்க நேரம் இருக்காது.

கோபம் இருக்கட்டும், அது போக வேண்டிய இடங்கள் வேறு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அரசாங்கம் கொண்டுவந்தது. அதே வெளிச்சத்தைக் கால்நடைக் கிளினிக்கிலும் நாம் கேட்க வேண்டும். நேர்மையான டாக்டர் யாரும் இதற்குப் பயப்படமாட்டார். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், விலங்கைக் கொடுமை செய்பவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. வளர்ப்பவர் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றிய அரசாங்கம், மாதம் இரண்டாயிரம் வெள்ளியில் குடும்பம் நடத்தும் தோட்டத் தொழிலாளிக்கு எட்டுகிற தூரத்தில், எட்டுகிற விலையில், நாய் பூனைக்கு ஊசியும் கருத்தடையும் தர வேண்டாமா? சட்டமன்ற உறுப்பினர் தைப்பூசத்துக்கும் பொங்கலுக்கும் நம் தோட்டங்களுக்கு வருகிறார். அந்த மேடையில் யாராவது இதைக் கேட்டிருக்கிறோமா?

தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு கேள்வி இருக்கிறது. எலி மருந்து வைக்கும் நாளைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஏன் சொல்வதில்லை? கருப்பன் திரும்பி வந்த வாரம் நான் மண்டோரைப் போய்ப் பார்த்தேன். தெரிந்த மனிதர்தான், என் பெரியப்பாவோடு பால்மரம் வெட்டியவர். "நீ கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே ஐயா" என்றார். இப்போது மருந்து வைக்கும் முதல்நாள் மாலையே வாட்சப்பில் செய்தி வருகிறது. எங்கள் வரிசையில் பதினொரு வீடு. செய்தி வந்ததும் பதினொரு வீட்டிலும் நாயைக் கட்டிவிடுகிறோம்.