குடிபெயர்ச்சி: தன்வினையா, பிறவினையா?

விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டோர்க்குச் சில சமயங்களில் ஒரு சிறு சொல்லே பெருந்தடையாகி நிற்கும். மக்கள் ஊர்விட்டு ஊர் செல்லுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அத்தகையது. பறவைகள் பருவந்தோறும் பறந்து செல்வதற்கும், உழைப்பாளி நகரை நாடுவதற்கும், விளைநிலம் இழந்தோர் வேறிடம் தேடுவதற்கும் அம்மொழியில் அவ்வொரு சொல்லே வழங்குகிறது. தமிழிலோ ‘இடம் பெயர்ந்தான்’ என்பது தன்வினை. ‘இடம் பெயர்த்தது’ என்பது பிறவினை. ஒருவன் தானே சென்றானா, பிறிதொன்று அவனைப் பெயர்த்ததா என்று தெளியாமல் வாக்கியத்தை முடிக்க இயலாது. இவ்விலக்கண ஐயத்துள் ஒரு விஞ்ஞான ஐயமும் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

சான்றாக, மேற்கு வங்கத்தின் தென்கோடியிலுள்ள சுந்தரவனப் பகுதியைக் காண்போம். அங்குள்ள 102 தீவுகளுள் 54-இல் மக்கள் வாழ்கின்றனர். ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள கரைகள் அவர்களைக் காத்து நிற்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி மண்கரையே. ஆறுகள் வண்டலைப் பரப்பி நிலத்தை உயர்த்தி முடிக்குமுன்னரே முன்னோர் கரையிட்டுக் குடியேறினர். கரையிட்டபின் வண்டல் உட்புக வழியில்லை. ஆதலின் பலவிடங்களில் வயல் தாழ்ந்தும், ஓதம் ஏறும்பொழுது ஆற்று நீர் அதனினும் உயர்ந்தும் நிற்கக் காணலாம்.

2009-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் ‘ஐலா’ என்னும் புயல் இப்பகுதியைத் தாக்கியது. அமாவாசைக்கு மறுநாளாகையால் ஓதமும் மிகுந்திருந்தது. கரைகள் பலவிடங்களில் உடைந்தன. உவர்நீர் வயல்களிலும் குளங்களிலும் புகுந்தது. காற்று ஒரே நாளில் ஓய்ந்தது, உப்பு ஓயவில்லை. மண்ணில் உப்பு மிகுந்தால், நீர் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச மாட்டாது. மேலும், உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களின் கட்டைக் குலைத்து, நிலத்தை நீர் வடியாவண்ணம் இறுகச் செய்யும். மழைநீர் உப்பைக் கழுவி இறக்கினாலும், கோடையில் ஈரம் மேலேறி ஆவியாகும்பொழுது உப்பு மீண்டும் மேற்பரப்பில் பூக்கும். இங்ஙனம் பல வயல்களில் சில ஆண்டுகள் நெல் விளைச்சல் பொய்த்தது. ஆடவர் பலர் கொல்கத்தாவுக்கும், கேரளத்துக்கும், தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலை தேடிச் சென்றனர்.

அவர்களுள் ஒருவரை நிறுத்தி, ‘எதற்காக வந்தீர்?’ என்று வினவினால், ‘வேலைக்கு’ என்பார். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. அவரைப் பெயர்த்தது உப்பு. அவர் வாயினின்று வருவதோ தன்வினை.

நம் கணக்கேடுகளும் இத்தன்வினையையே பதிந்து வந்துள்ளன. 1991-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் குடிபெயர்ச்சிக்குரிய காரணங்களுள் ‘வறட்சி, வெள்ளம் முதலிய இயற்கை உற்பாதங்கள்’ என்பதும் ஒன்றாக இருந்தது. 2001-இல் அது நீக்கப்பெற்றது. 2011-இல் வேலை, வியாபாரம், கல்வி, திருமணம், பிறந்தபின் மாறியது, குடும்பத்துடன் வந்தது, பிற என்னும் தலைப்புக்களே காணப்பட்டன. அக்கணக்கின்படி நாட்டில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 45 கோடிப் பேர். அவருள் உவர்நீரும், மண்ணரிப்பும், வறட்சியும் பெயர்த்தவர் எத்துணையர் என்பதை அதனின்று அறிய வழியில்லை.

‘தலைப்பு இருந்தாலும் சிலரே அவ்விடையைக் கூறுவர், அதனாற் பயன் என்ன?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தென்னாட்டில் கூலி மிகுதி என்பதும், முன்சென்ற உறவினர் வழிகாட்டுகின்றனர் என்பதும் மெய்யே. ஒரு குடும்பம் ஊர்விட்டுப் போக ஒரு காரணம் மட்டும் இருப்பது அரிது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் விஞ்ஞான அலுவலகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையும் இதனையே கூறிற்று. பயணச் செலவுக்கும் வகையற்ற ஏழைகள் ஆபத்தான இடத்திலேயே சிக்கிக் கிடப்பர் என்றும் அது எச்சரித்தது. ஆகவே, சென்றவரை மட்டும் எண்ணுவோர் பேராபத்தில் இருப்போரை எண்ணத் தவறுவர்.

காரணத்தைப் பிழையாக எழுதினால் பரிகாரமும் பிழையாகும். ‘வேலை’ என்று எழுதினால், சென்றடைந்த நகரின் கூலியும் குடியிருப்புமே நம் சிந்தையில் தோன்றும். ‘உப்பு’ என்று எழுதினாலோ, விட்டு வந்த ஊரின் கரையும், மதகும், நன்னீர்க் குளமும், உவர்நிலம் தாங்கும் விதைநெல்லும் நினைவுக்கு வரும். உவர்நில ஆராய்ச்சிக்கெனச் சுந்தரவனத்தின் வாயிலாகிய கேனிங் நகரிலேயே மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இயங்குகிறது. ‘நோனா போக்ரா’ போன்ற வங்க நெல்வகைகள் உப்பைத் தாங்குவன என்பதும் அறிந்ததே. அறிவு கைவசம் இருக்கிறது; அது எவ்வூருக்குச் செல்லவேண்டும் என்று கூறுவதே களத்தில் நிற்போர் கடமை.

ஆகலின் களப்பணியாளர்க்கு ஒரு வேண்டுகோள். ‘ஏன் வந்தீர்?’ என்பதோடு நில்லாது, ‘முன்பு ஊரில் என்ன தொழில் செய்தீர்? அதனை எவ்வாண்டு விட்டீர்? அவ்வாண்டில் நிலத்துக்கும் நீருக்கும் என்ன நேர்ந்தது?’ என்றும் கேளுங்கள். படிவத்தில் இடமில்லையேல் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆசிரியர்களின் கையிலோ வருகைப் பதிவேடு இருக்கிறது. எம்மாதத்தில் எத்தனை மாணவர் நின்றனர் என்பதைப் பல்லாண்டுப் பதிவேடுகளை ஒப்பிட்டுக் காணின், வெள்ளமும் வறட்சியும் அவ்வூரில் விட்டுச் சென்ற சுவடு புலப்படும். அதற்குத் தனிக் கருவியோ செலவோ வேண்டுவதில்லை.

ஒருவர் தம் ஊரை விட்டு வருவதற்கு முன் அவ்வூர் அவரைப் பலமுறை கைவிட்டிருக்கலாம். அதனைக் கேட்டு எழுதியபின், தன்வினையா பிறவினையா என்று முடிவு செய்வோம்.