விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது?



வளைகுடாவில் கடை வைத்திருந்தவர்களுக்கும், வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கும் 'பலதிய்யா' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கடைக்குள் நுழைந்து உணவுப் பண்டங்களின் தேதியைப் பார்ப்பவரும், அபராதம் எழுதிக் கொடுப்பவரும் பலதிய்யாக்காரர்தாம். முற்கால முஸ்லிம் நகரங்களில் எடைக்கல்லைச் சோதித்த முஹ்தசிபின் வேலையில் ஒரு பகுதி இன்று நகராட்சியின் கையில் இருக்கிறது.

அரபு நாடு என்றாலே கரண்ட் போகாது, குழாயில் தண்ணீர் நிற்காது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். எண்ணெய்ப் பணம் கொழிக்கும் சில நாடுகளை மட்டும் பார்த்ததால் வந்த நினைப்பு இது! லெபனானைப் பாருங்கள்.

அந்த நாடு 'முஹாஃபழா' என்னும் மாகாணங்களாகவும், அவை 'கழா' என்னும் வட்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. அதற்குக் கீழே ஆயிரத்துக்கும் அதிகமான பலதிய்யாக்கள். 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு ஏராளமான பொறுப்புகளை வழங்கியிருக்கிறது. ஏட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நடப்பு என்ன?

1963-இல் நடந்த நகராட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் 1998-இல்தான் நடந்தது. 35 ஆண்டுகள்! 2022-இல் நடக்க வேண்டிய தேர்தலும் மூன்று முறை தள்ளிப்போய் 2025 மே மாதம்தான் நடந்தது. தலைநகர் பெய்ரூத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. ஆனால் நிர்வாக அதிகாரமோ அரசு நியமிக்கும் முஹாஃபிழிடம். அது மட்டுமா? அந்நாட்டவர் தாம் குடியிருக்கும் ஊரில் அல்ல, குடும்பப் பதிவு உள்ள ஊரில்தான் வாக்களிக்க வேண்டும். பெய்ரூத்தில் முப்பது வருடம் வாழ்பவரும், பதிவு வேறு ஊரில் இருந்தால், தன் தெருக் குப்பைக்காக ஓட்டுக் கேட்டு வருபவரைத் தேர்ந்தெடுக்க முடியாது!

பணத்தின் கதையும் இதுவே. நகராட்சிகளுக்குரிய பொது நிதி மத்திய அரசின் கையில். குப்பை அள்ளும் கம்பெனிக்கு அங்கிருந்தே பணம் போனது. 2015 ஜூலையில் நாஇமா குப்பைக் கிடங்கு மூடப்பட்டதும் பெய்ரூத் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

மின்சாரத்துக்கு 1964-இல் ஏற்பட்ட அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது தராத நேரத்துக்குத் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் முதலாளிகள். ஆக, ஒரு வீட்டுக்கு இரண்டு பில்! 2021 அக்டோபர் 9 அன்று இரு பெரிய மின் நிலையங்கள் எரிபொருள் இன்றி நின்றபோது அரசு மின்சாரம் நாடு முழுவதும் அடியோடு நின்றுபோனது. அதே நாட்டில் ஸஹ்லே நகரில், பழைய குத்தகை உரிமை பெற்ற உள்ளூர் மின் நிறுவனம் 2015-இல் 24 மணி நேரமும் மின்சாரம் கொடுத்துக் காட்டியது. யாரிடம் கேட்பது என்பது அவ்வூர் மக்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

லெபனானில் பிரதிநிதித்துவம் இல்லையா? உண்டு. 1989 தாயிஃப் ஒப்பந்தப்படி நாடாளுமன்றத்தின் 128 இடங்கள் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சரிபாதி. பதவிகளும் பிரிவு வாரியாகப் பங்கிடப்படுகின்றன. ஆனால் 'நம்மவர்' என்பதற்காக ஒவ்வொரு கூட்டமும் தன் தலைவரைக் கேள்வி கேட்காமல் விட்டது. இருட்டு மட்டும் எல்லாத் தெருவிலும் பாகுபாடின்றிப் புகுந்தது!

இளைஞர்களே, வியாபாரிகளே! சிந்தியுங்கள். ஒரு நாட்டை அதன் விமான நிலையத்தையும் உயர்ந்த கட்டடங்களையும் வைத்து எடை போடாதீர்கள். தெருவிளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது, அவரிடம் நிதி இருக்கிறதா, அவரை மாற்றும் உரிமை அத்தெருவில் வாழ்பவருக்கு உண்டா என்று கேளுங்கள். பங்கு கேட்பது தவறல்ல; பங்கு வாங்கிப் போனவரிடம் கணக்குக் கேட்காமல் இருப்பதுதான் தவறு.