பிள்ளை வராத அன்றே கேளுங்கள்: வருகையும் நன்னடத்தையும் குறித்து எங்கள் நிலைப்பாடு

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாள் தவறாமல் வரவேண்டும், வந்த இடத்தில் மரியாதையாக நடக்கவேண்டும் என்பதில் காஜாங்கில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எப்படி என்று கேட்டால்தான் பெற்றோர் கூட்டங்களில் குரல் உயர்கிறது. ஒரு தரப்பு பரிசு கொடுக்கச் சொல்கிறது. இன்னொரு தரப்பு ரோத்தானை எடுக்கச் சொல்கிறது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் முன்னாள் மாணவரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம் இரண்டையும் ஏற்கவில்லை.

பரிசை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளை தன் வருகையைத் தானே தீர்மானிப்பதில்லை. வேன் வந்தால் வருகிறது. இரவு வேலை முடிந்து வந்த அப்பா நேரத்துக்கு எழுந்தால் வருகிறது. மேடையில் ‘முழு வருகை’ சான்றிதழ் வாங்கும் பிள்ளையின் கைதட்டலில் பாதி அந்த வீட்டுக் காருக்குச் சேரவேண்டியது. போதாததற்கு, கை, கால், வாய்ப்புண் நோய் பரவும் காலத்தில் வீட்டில் இருக்கவேண்டிய பிள்ளையையும் அந்தச் சான்றிதழ் வகுப்புக்கு இழுத்து வந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். முன்கூட்டியே அறிவித்த பரிசு வருகையைக் கூட்டவில்லை. முன்னறிவிப்பின்றி விருது வாங்கியவர்களோ அடுத்த மாதம் கூடுதலாக மட்டம் போட்டார்கள். அவர்கள் நம் பிள்ளைகளைவிட மூத்தவர்கள்தான். ஆனால், பெரிய பிள்ளைகளிடமே எடுபடாத பரிசு, வருவதும் வராததும் தன் கையில் இல்லாத சின்னப் பிள்ளையிடம் என்ன செய்துவிடும்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2003 முதல் மலேசியாவில் தொடக்கக்கல்வி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காமலோ தொடர்ந்து படிக்க வைக்காமலோ விடும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரிவு தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அதைக் காட்டி மிரட்டித் திங்கட்கிழமை காலை ஒரு பிள்ளையைக் கிளப்ப முடியாது என்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் அனுபவத்தில், பள்ளியை வெறுத்து வராத பிள்ளை குறைவு. கல்யாணத்துக்கு ஒரு நாள், தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள், மழைக்கு ஒரு நாள், தம்பிக்குக் காய்ச்சல் என்று அக்காவும் ஒரு நாள் என்று விடுப்பு சிறுகச் சிறுகச் சேர்கிறது. மாதம் இரண்டு நாள் என்றால் ஆண்டுக்கு இருபது நாள். முழுசாக நான்கு பள்ளி வாரம் போய்விடுகிறது. இந்தக் கணக்கு பெற்றோர் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிள்ளை இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்று வீட்டுக்கு அஞ்சலில் எழுதி அனுப்பிப் பார்த்தார்கள். அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து விழுக்காடு அளவில் இறங்கியது. திட்டவுமில்லை, பரிசு தரவுமில்லை. கணக்கைச் சொன்னார்கள்.

இங்கே தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் போகிறது. வருகைப் பதிவோ காலையிலேயே கணினியில் ஏறிவிடுகிறது. யார் வரவில்லை என்று பள்ளிக்கு அப்போதே தெரியும். அன்றே வீட்டுக்கு ஒரு அழைப்பு போகவேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. “எம்.சி. எங்கே?” என்று தொடங்கும் அழைப்பு வேண்டாம். “பிள்ளையைக் காணோமே, நல்லா இருக்கானா?” என்று கேட்டால் போதும். வகுப்பாசிரியர் தலையில் ஏற்கெனவே வேலை குவிந்து கிடப்பதால், அந்தத் தொலைபேசிப் பணிக்கு எங்கள் உறுப்பினர்கள் முறைவைத்துக் கைகொடுக்கத் தயார்.

அடுத்தது வயிறும் வேனும். உலு லங்காட்டில் தோட்டப் பெயரைச் சுமந்த தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. லயங்களில் குடியிருந்த குடும்பங்களோ காஜாங், செமினி, பாங்கி அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டன. பள்ளி இருந்த இடத்தில் இருக்க, பிள்ளை விடிவதற்குள் வேன் ஏறி, காஜாங்கின் பேர்பெற்ற நெரிசலில் ஊர்ந்து வந்து சேருகிறது. 1979இல் தொடங்கிய துணை உணவுத் திட்டத்துக்கு 2022 முதல் தீபகற்பத்தில் வேளைக்கு 3 ரிங்கிட் 50 சென் ஒதுக்குகிறார்கள். பல பள்ளிகளில் அந்த உணவு இடைவேளையில்தான் பிள்ளையின் கைக்கு வருகிறது. அதை முதல் மணிக்கு முன்பே பரிமாற வழி காணுங்கள். தமிழ்நாடு 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் போனது. பள்ளியில் சோறிருந்தால் பிள்ளை வரும் என்பது அங்கே காமராசர் காலத்திலிருந்து தெரிந்த கதை.

இனி மரியாதை. “நல்லா அடிங்க சார், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்று சொல்லும் அப்பாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். சார் அப்படி அடித்துவிட முடியாது. மாணவிகளை ரோத்தானால் அடிக்க விதிமுறை இடம் தரவில்லை. மாணவர்களையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்தவரோதான் அடிக்கலாம். தொடக்கப்பள்ளியில் அதுவும் வேண்டாம் என்பது எங்கள் நிலை. அடியாத மாடு படியாது என்ற பழமொழியை நாங்களும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அது மாட்டைப் பற்றியது.

சபைகூடலில் பிள்ளைகள் ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடாக நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் உரக்கச் சொல்கிறார்கள். அதே காலையில் வாசலில் இரண்டாவது வரிசையில் காரை நிறுத்திவிட்டுப் பாதுகாவலரை ஒருமையில் ஏசுகிறார் ஒரு பெற்றோர். அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியையின் பெயர் கிழிபடுகிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வகுப்பறையிலும் நிறத்தையும் பருமனையும் வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதை விளையாட்டு என்று விட்டுவிடுகிறோம். 2025 டிசம்பரில் மக்களவை பகடிவதை எதிர்ப்பு மசோதாவை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் வந்து தொடும் அளவுக்கு வளரவிடாமல், பட்டப்பெயர் நிலையிலேயே ஆசிரியர் தடுக்கவேண்டும். அந்தப் பெயரை ஆசிரியரே சொல்லிச் சிரிக்கும் வகுப்பில் அது நடக்காது. கேலிக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளையும் வருகைப் பதிவில் வெறும் ‘வரவில்லை’தான். அதனால்தான் வருகையையும் நடத்தையையும் தனித்தனியாகப் பேச மறுக்கிறோம்.

தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் வரிசையாக நிற்கவைத்து மற்றவர் பார்க்கப் பெயர் எழுதும் வழக்கம் எங்கே இருந்தாலும் நிற்கவேண்டும். கேள்வியைப் பெற்றோரிடம் கேளுங்கள். பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டங்களில் எங்கள் உறுப்பினர்கள் இவற்றைத் தீர்மானமாக முன்வைப்பார்கள். முழு வருகைக் கோப்பைகளுக்கு எங்கள் சங்கம் தந்துவந்த நன்கொடை இனி வேன் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்குப் போகும். விண்ணப்பத்தை வகுப்பாசிரியர் வழியாகவோ நேரடியாக எங்களிடமோ கொடுக்கலாம். பெயர்ப் பட்டியலை எங்கும் ஒட்டமாட்டோம்.